கோடு இருக்கு, காரணம் எங்கே?

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே சென்னை, பெங்களூரு டீம்களுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். ஏன் இந்த டேட்டாபேஸ்? ஏன் ஒரே தகவல் இரண்டு இடத்தில்? கேட்டால், "முடிவு எடுத்தவர் போயிட்டாரே!"

கோடு 'என்ன' என்பதைச் சொல்லும், 'ஏன்' என்பதைச் சொல்லாது. மைக்கேல் நைகார்ட் 2011-ல் இதற்கு எளிய வழி சொன்னார். ஒரு முடிவுக்கு ஒன்றிரண்டு பக்கம்: சூழல், முடிவு, விளைவு, அது இன்னும் அமலில் இருக்கிறதா என்ற நிலை. முடிவு மாறினால் பழையதை அழிக்காமல், புதிதாக இன்னொன்று எழுத வேண்டும்.

உத்திரமேரூர் சபை இதைக் கல்லிலேயே செய்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-ல் வெட்டிய குடவோலை விதிப்படி வேட்பாளர் வயது 30-க்கு மேல், 60-க்குள். 921-ல் திருத்தம்: 35-க்கு மேல், 70-க்குள். கெட்டவர்கள் ஒழிந்து நல்லவர்கள் செழிக்கவே இந்த ஏற்பாடு என்று காரணமும் உண்டு. பழைய கல்வெட்டை யாரும் செதுக்கி அழிக்கவில்லை. அதனால்தான் எது மாறியது என்று இன்றும் தெரிகிறது.

பெட்டியும் அம்புமாகப் போடும் படங்கள் வேறு கதை. கோடு மாற மாற அவை பொய்யாகிவிடும்; மேலோட்டமாக ஒன்றிரண்டு போதும்.

"எழுத நேரமில்லை" என்பார்கள் மேனேஜர்கள். அரை மணி நேரம் மிச்சம்தான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் மூன்று நாள் பழைய சாட்டைத் தோண்டுகிறாரே, அது யார் கணக்கில்?

குறிப்பு கோடு இருக்கும் ரெப்போவிலேயே இருக்கட்டும். ஒருவரின் லேப்டாப்பில் இருந்தால், அவர் கிளம்பும்போது அதுவும் கூடவே போய்விடும்.