அயர்லாந்துக்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது

2015 ஜூலை 13 அன்று அயர்லாந்து தன் முதல் தேசிய அஞ்சல் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. பெயர் ஏர்கோடு. எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஏழு இடங்கள். ஏறத்தாழ 22 லட்சம் முகவரிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. அதைத் தெரிவிக்கும் கடிதம் வீடு வீடாகப் போனது. 2008இல் நடைமுறைக்கு வரும் என்று 2005இலேயே அரசு சொல்லியிருந்த திட்டம் அது. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது வாழ்த்தைவிட வசைதான் அதிகம் கிடைத்தது.

புதியது எதையும் ஏற்காத முரட்டுப் பிடிவாதம் என்று அந்தக் கோபத்தை ஒதுக்கிவிட முடியாது. அன்று எழுந்த கேள்விகளில் பெரும்பாலானவை சரியானவை. சிலவற்றுக்கு இன்றும் பதில் இல்லை.

குறியீடு தேவையா என்பதில் சந்தேகமே வேண்டாம். அயர்லாந்தின் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் கதவிலக்கம் கிடையாது. பல சாலைகளுக்குப் பெயரும் இல்லை. குடும்பப் பெயர், டவுன்லேண்ட் எனப்படும் பழைய நிலப்பிரிவின் பெயர், தபால் பிரிக்கும் ஊர், மாவட்டம் - முகவரி அவ்வளவுதான். தீவு முழுவதும் இத்தகைய டவுன்லேண்டுகள் 60,000க்கும் மேல். ஒன்றில் நான்கு மர்பி குடும்பங்கள் இருந்தால் நால்வருக்கும் ஒரே முகவரி. நாட்டு முகவரிகளில் சுமார் 35 சதவீதம் இப்படி இன்னொரு வீட்டுக்கும் பொருந்துபவை. எந்த மர்பிக்கு எந்தக் கடிதம் என்று அந்த ஊர்த் தபால்காரருக்குத் தெரியும். நள்ளிரவில் எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து கிளம்பும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்?

சிக்கல் குறியீட்டின் அமைப்பில் இருந்தது. முதல் மூன்று இடங்கள் பகுதியைக் குறிக்கின்றன. நாடு முழுவதற்கும் இப்படி 139 பகுதிகள். அடுத்த நான்கு இடங்கள் வீட்டுக்கு உரியவை, அவற்றில் எந்த வரிசையும் இல்லை. பக்கத்து வீட்டின் குறியீட்டுக்கும் உங்கள் வீட்டுக் குறியீட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நடுவில் புதிய வீடு எழும்பினால் வரிசை குலையும் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். காரணம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு வீட்டைக் கண்டுபிடித்த ஓட்டுநருக்கு அடுத்த வீட்டைப் பற்றி அந்தக் குறியீடு எதுவுமே சொல்லாது. ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத்தான் கேட்க வேண்டும். சரக்கு வாகன உரிமையாளர்களின் சங்கம் இதை எதிர்த்தது. தீயணைப்பு, அவசரகாலப் பணியாளர்களின் சங்கமும் எச்சரித்தது. இருக்கும் இடத்தையே குறியீடாக மாற்றும் 'லோக்கேட்' என்ற உள்நாட்டு முறை அதற்கு முன்பே உருவாகி, கார்மின் வழிகாட்டிக் கருவிகளிலும் இடம்பெற்றிருந்தது. அரசு அந்த வழியில் போகவில்லை.

பகுதிகள் தபால் பாதைகளை ஒட்டிப் பிரிக்கப்பட்டதால் கிளேர் மாவட்டத்தின் ஒரு பகுதிக்கும் லிமரிக் நகரின் 'வி94'தான் கிடைத்தது. மாவட்டப் பற்று ஊறிய நாட்டில் இது உறுத்தாமல் இருக்குமா? தலைநகரிலோ கதை வேறு. டப்ளினில் 1917 முதலே வட்ட எண்கள் உண்டு. 'டப்ளின் 4' என்றாலே பணக்காரர்கள் வாழும் பகுதி என்று பொருள். 1980களில் டப்ளின் 6இலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தபோது, வேறு எண் வந்தால் வீட்டு மதிப்பு சரியும் என்று குடியிருப்போர் எதிர்க்க, 'டப்ளின் 6டபிள்யூ' பிறந்தது. ஏர்கோடு அந்த எண்களில் கைவைக்கவில்லை. டப்ளின் 4 'டி04' ஆனது, 6டபிள்யூவும் அப்படியே தொடர்கிறது.

செலவு 3.8 கோடி யூரோ என்றது அரசுத் தணிக்கையாளரின் அறிக்கை. குறியீடு எழுதாத கடிதத்தையும் அஞ்சல் நிறுவனம் முன்போலவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிறகு எதற்கு இந்தச் செலவு என்று வரி கட்டுபவர் கேட்டதில் என்ன பிழை?

ஏச்சு குறையக் காரணம் விளம்பரமல்ல, பயன்பாடு. தேசிய ஆம்புலன்ஸ் சேவை தன் கட்டுப்பாட்டு அறையில் ஏர்கோடைச் சேர்த்துக்கொண்டது. அவசர அழைப்பில் அதைச் சொன்னால் வண்டி அந்த வீட்டு வாசலுக்கே வருகிறது. 2021இல் கொரோனா தடுப்பூசிக்குப் பதிந்தவர்களிடமும் ஏர்கோடு கேட்கப்பட்டது. அதுவரை அந்த ஏழு எழுத்தை மதிக்காதவர்களும் தேடி எடுத்துக் குறித்துக்கொண்டார்கள்.

தீராத குறை ஒன்று உண்டு. ஏர்கோடுத் தரவுத்தளம் முழுவதையும் பயன்படுத்த நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் உருவான முகவரிப் பட்டியலை மக்களுக்கே விலைக்கு விற்பது தவறு. பிரிட்டனில் அஞ்சல் குறியீடுகளின் அமைவிடத் தரவை ஆர்டனன்ஸ் சர்வே 2010இலேயே இலவசமாக்கிவிட்டது. டப்ளினும் அதைச் செய்ய வேண்டும்.

இந்தியாவுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1972 ஆகஸ்ட் 15இல் வந்த பின்கோடு தபால் அலுவலகம் வரைதான் வழிகாட்டும், வீடு வரை வராது. அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின், ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. நாட்டைச் சுமார் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து இடக் குறியீடு தருகிறது. அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்தே கணக்கிடப்படுவதால் ஒரே வட்டாரத்துக் கட்டங்களின் தொடக்க எழுத்துகள் பொதுவாகவே ஒத்திருக்கும். கணக்கிடும் முறையும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டிருக்கிறது, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அயர்லாந்து சறுக்கிய இரண்டு இடங்களிலும் இங்கே அடித்தளம் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் அங்கே மக்களை நம்பவைத்தது ஆம்புலன்ஸ். இங்கும் 108 அழைப்பை எடுப்பவர் டிஜிபின்னைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பத்து எழுத்தை ஒரு சீட்டில் எழுதி, அந்த ஊர்த் தபால்காரர் கையாலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.