பங்களா வாசல் திறக்கட்டும்

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வசந்தம் பிறந்ததும், விக்டோரியா பூங்காவிலும், 1861-இல் சிங்கோனாப் பயிருக்கென ஏற்பட்டுப் பின்னர் மலர்ச்சோலையாக விரிந்த ஹக்கலை உத்தியானத்திலும் ஜனங்கள் திரள்வது வழக்கமே; ஆயினும் இம்மலைநாட்டின் அபூர்வமான நந்தவனங்கள் பல, ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை பங்களாக்களின் வேலிக்கு உள்ளே, ஊரார் கண்ணுக்கு எட்டாமலே இருக்கின்றன.

தேயிலைக்கு உகந்த அதே புளிப்பு மண், ஹைட்ரேஞ்சியாக் கொத்துகளுக்கு நீல வர்ணம் ஊட்டும் அதிசயத்தை அங்கே கண்டு ரசிப்பவர்கள் துரையும் அவர் விருந்தினரும், பங்களா விடுதியாகிவிட்ட இடங்களில் பெருந்தொகை செலுத்தும் பிரயாணிகளுமே. அச்செடிகளை நட்டு, களை பறித்து, கவாத்துச் செய்து, தலைமுறைகளாகப் பேணிவந்தவர்களின் மனைவி மக்களோ, தொழிலாளர் லயத்து வாசலில் கிடைத்த முழநிலத்திலும் பழைய பால்மா டின்னிலும் டாலியாக் கிழங்கை ஊன்றி, அது பூப்பதைப் பார்த்து மனம் நிறைகிறார்கள். அழகில் நாட்டமில்லாத ஜனங்கள் என்று இவர்களை எவரும் சொல்லத் துணியலாகாது.

இங்கிலாந்தில் 1927-ஆம் வருஷம், தாதியர் சேவைக்கு நிதி திரட்டும் பொருட்டு, தனியார் பூந்தோட்டங்களை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு தொடங்கிற்று. இன்றளவும் அது நடந்துவருகிறது. அத்தேசத்துப் பங்களாவையும் புல்தரையையும் இங்கே பிரதிஷ்டை செய்தவர்கள், இந்த நல்ல வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டது நியாயமன்று.

தோட்டக் கம்பெனிகள் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் பங்களா வாசலைத் திறந்து, லயத்துக் குடும்பங்களைக் கட்டணமின்றி முதலில் அழைத்து, வெளியூராரிடம் வசூலாகும் பணத்தை அந்தந்தத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்கே அளிக்க வேண்டும். வருகிற ஏப்ரலிலேயே இதைத் தொடங்குமாறு வேண்டுகிறேன்.