'பிளட் தின்னர்' மாத்திரை சாப்பிடுறீங்களா? வெளியே தெரியாத ரத்தக்கசிவு பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள் எனப் பலரும் தினமும் சாப்பிடுவது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. 'பிளட் தின்னர்' எனப் பெயர் இருந்தாலும், இது ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்வதில்லை. வார்ஃபரின், அசினோகுமரால் போன்றவை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன.

ஈறு, மூக்கில் ரத்தம் வந்தால் உஷாராகிடுவோம். ஆனால், அரிதாக உடம்புக்குள்ளேயே ரத்தம் கசியும். அப்போது வலிதான் பெரும்பாலும் முக்கிய அறிகுறி.

எங்கெல்லாம் கசியலாம்?

* வயிற்றுத் தசை: பலமாக இருமினாலே போதும். திடீர் வலியுடன் வயிற்றில் கட்டி போல வீங்கலாம்.

* சிறுகுடல் சுவர்: வயிற்று வலி, வாந்தி வரும். குடல் அடைத்துக்கொள்ளலாம்.

* இடுப்பின் உள்தசை: இடுப்பு, தொடை வலிக்கும். காலை நீட்ட முடியாது, தொடை மரத்துப்போகலாம்.

இதை வாயுத்தொல்லை, சுளுக்கு என நினைத்து வீட்டிலேயே இருப்பதுதான் ஆபத்து.

காரணம் என்ன?

ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு சாதாரணமாக 1-ஐ ஒட்டி இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடும் பெரும்பாலானோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். சில செயற்கை வால்வுகளுக்குச் சற்று கூடுதல். அது எகிறினால் ரத்தக்கசிவு அபாயமும் எகிறும். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், படர்தாமரைக்கு வாங்கும் ஃபுளூகோனசோல் இந்த அளவை ஏற்றிவிடும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் கசிவு அபாயத்தைக் கூட்டும்.

என்ன செய்யணும்?

உடனே மருத்துவமனைக்குப் போங்க. 'பிளட் தின்னர் சாப்பிடுறேன்' என்பதை முதலிலேயே சொல்லிடுங்க. வலிக்காகத் தசையில் ஊசி போட்டால், அந்த இடத்திலும் ரத்தம் கட்டலாம். ஐஎன்ஆர், சிடி ஸ்கேன் மூலம் கசிவைக் கண்டுபிடிக்கலாம். ஐஎன்ஆர் எகிறியிருந்தால் வைட்டமின் கே, தேவைப்பட்டால் பிளாஸ்மா கொடுப்பார்கள். குடல் சுவர் கசிவு பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலேயே சரியாகும். அதனால், சரியான நேரத்தில் கண்டுபிடிப்பது தேவையில்லாத ஆபரேஷனையும் தவிர்க்கும்.

பயந்து நிறுத்தலாமா?

கூடாது. நீங்களாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையலாம், பக்கவாதமும் வரலாம். டாபிகாட்ரான், அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லை என்றாலும், அவற்றிலும் ரத்தக்கசிவு வரலாம். உலோக வால்வு வைத்தவர்களுக்கு அவை ஏற்றவையும் அல்ல.

எனவே, மெடிக்கல் ஷாப்பில் எந்தப் புது மாத்திரை வாங்கும் முன்பும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. ஐஎன்ஆர் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீங்க.