புகையும் துப்பாக்கியும் காளான் மேகமும்

ஆங்கில அரசியல் கட்டுரைகளில் வரும் மரபுத்தொடர்களுக்கு அகராதியில் அர்த்தம் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதவே போதாது! அகராதி அர்த்தம் சொல்லும். அந்தத் தொடரை அங்கே எதற்காக வைத்தார்கள் என்று சொல்லாது.

ஒரே ஒரு உதாரணம்: ‘ஸ்மோக்கிங் கன்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் புகையும் துப்பாக்கி. சுட்டவன் கையில் துப்பாக்கி புகைந்துகொண்டிருக்கும்போதே அகப்படுவது, அதாவது மறுக்க முடியாத ஆதாரம். ‘கையும் களவுமாக’ என்பார்களே, கிட்டத்தட்ட அது.

இந்தத் தொடர் பிரபலமானது வாட்டர்கேட் ஊழலில். எஃப்.பி.ஐ. விசாரணையைத் தடுக்க சி.ஐ.ஏ.வைப் பயன்படுத்த அதிபர் நிக்சன் சம்மதித்த பேச்சு, 1972 ஜூன் 23 அன்று டேப்பில் பதிவானது. அந்த டேப் 1974 ஆகஸ்ட் 5-ல் வெளியானது. ஆகஸ்ட் 9-ல் நிக்சன் பதவியை விட்டுப் போனார். அங்கே துப்பாக்கியும் இருந்தது, புகையும் இருந்தது.

அடுத்து, 2002 செப்டம்பர் 8. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ் சி.என்.என். பேட்டியில், சதாம் உசேன் எவ்வளவு சீக்கிரம் அணு ஆயுதம் பெறுவார் என்பதில் நிச்சயமின்மை இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் ‘புகையும் துப்பாக்கி’ ஒரு காளான் மேகமாக வந்துவிடக் கூடாது என்றார். காளான் மேகம் என்றால் அணுகுண்டு வெடித்து எழும் புகை. அக்டோபர் 7-ல் சின்சினாட்டியில் அதிபர் புஷ்ஷும் இதையே பேசினார்.

வித்தையைக் கவனியுங்கள். 1974-ல் ‘ஆதாரம் சிக்கிவிட்டது’ என்று சொல்ல உதவிய தொடர், 2002-ல் ‘ஆதாரத்துக்காகக் காத்திருக்காதே’ என்று சொல்ல உதவியது. ‘உறுதியான ஆதாரம் இல்லை, ஆனாலும் போர்’ என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் எத்தனை கேள்வி வந்திருக்கும்? அணுகுண்டைக் கண்முன் காட்டியதும், கேள்வி கேட்டவன் பொறுப்பில்லாதவன் ஆகிவிட்டான்.

2003 மார்ச்சில் போர் தொடங்கியது. பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்கா அமைத்த ஈராக் ஆய்வுக் குழுவே 2004-ல் அறிக்கை கொடுத்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான உயிர்கள் போயிருந்தன.

அப்படியானால் அரசியல் எழுத்தில் உருவகமே கூடாதா? தாராளமாக வரட்டும். ஆனால் அதை எடுத்துவிட்டு, அதே வாக்கியத்தை வெறும் சொற்களில் எழுதிப் பார்க்க வேண்டும். வாதம் நின்றால் சரி. விழுந்தால், அந்தத் தொடர் அலங்காரம் இல்லை, முட்டுக்கட்டை வைத்து நிறுத்திய சுவர்.

வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் கேள்வி கேட்காமல் விடுவதில்லை. வாசகன் மட்டும் ஏன் விட வேண்டும்?