காற்றைப் பிடுங்கிவிட்டு ஒரு பயணம்
ஐஸ்லாந்துக்காரர்கள் பனிக்காலத்தில் ஜீப்புகளில் கூட்டமாகச் சேர்ந்து லாங்யோகுல் பனியாற்றின் மேல் ஏறிப்போகும் படம் ஒன்றைப் பார்த்தேன். பனி ஆழமாகத் தொடங்கும் இடத்தில் எல்லோரும் இறங்கிக் குனிந்து டயரிலிருந்து காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்! சாலையில் 25 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் காற்றழுத்தம், அங்கே மூன்று, நான்குக்கு இறங்கிவிடுகிறது. அந்த 44 அங்குல டயர் நசுங்கிப் பரந்து, இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டியைப் புதையாமல் தாங்குகிறது. முதல் வண்டி தடம் போட, மற்றவை அதிலேயே வருகின்றன. முன்னால் போகும் வண்டி சிக்கினால் கயிறு கட்டி இழுக்க ஆள் வேண்டுமே, தனியாகப் போவது அங்கே வீரமில்லை, கிறுக்குத்தனம். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அந்நாட்டுச் சட்டம்தான்: பாதையை விட்டு விலகி ஓட்டுவது குற்றம், பனியாறுகளுக்கும், பனி மூடி உறைந்து கிடக்கும் நிலத்துக்கும் மட்டும் விலக்கு. கோடையில் பாசிமேல் சக்கரம் உருண்டால் அந்த வடு ஆறப் பல பத்தாண்டுகள் பிடிக்கும், பனியில் விழுந்த தடத்தையோ அடுத்த காற்றே அழித்துவிடும். நியாயமான கணக்கு. ஆனால் லாங்யோகுலுக்குப் பக்கத்திலிருந்த ஓக் பனியாறு, உலகம் சூடாவதில் உருகி, 2014-இல் பனியாறு என்ற தகுதியையே இழந்து, 2019-இல் நினைவுப்பலகையும் வாங்கிக்கொண்டது. மேலே டீசல் புகைவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாமலிருக்காது. அடுத்த பனிக்காலத்துக்கும் டயர் வாங்கி வைத்திருப்பார்கள்.