காலடியில் ஒரு பெட்டி



ஆண்டு மலரில் இசையைப் பற்றி எழுதுவோர் அதன் இனிமையைப் புகழ்ந்து எழுதுவதே வழக்கம். நானும் இதற்கு முன் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இம்முறை இசைக்கு ஆகும் செலவைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆகஸ்டு மாதம் பெற்றோர் கூட்டம் முடிந்த பிற்பகல். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வந்திருந்த தாயும் தந்தையும் இசை அறையின் வாசலில் தயங்கி நின்றார்கள். அவர்களுடைய மகள் நம் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பாடகர் குழுவில் பேஸ் கிதார் பழகுகிறாள். தந்தை தம் கைப்பேசியை நீட்டினார். அதில் யாரோ ஒருவர் காலால் ஒரு சிறு பெட்டியை மிதிக்க, அவர் கையிலிருந்த கிதார் கிதாராகவே ஒலிக்கவில்லை. பெரிய ஆர்கன் போல முழங்கியது. “டீச்சர், இந்தப் பொட்டிய வாங்கிக் குடுத்தா பாப்பா இப்படி வாசிச்சிடுமா?” என்று கேட்டார். மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் கொஞ்சம் இருக்கிறதாம். போதாததற்குத் தோட்டை அடகு வைத்துவிடலாம் என்று சொன்ன அந்தத் தாயின் கை, தானாகவே காதுக்குப் போயிற்று.

அன்று அவர்களிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல நேரமில்லை. கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பேஸ் கிதார் என்பது நான்கு தடித்த தந்திகள் கொண்ட, சாதாரண கிதாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கருவி. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டு வந்த வடிவமே இன்றும் பெரும்பாலும் வழக்கில் இருக்கிறது. கூட்டத்தில் இக்கருவியின் ஒலியைத் தனியே கேட்டறிபவர் குறைவு. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டின் கீழே தரை விலகியது போல் இருக்கும். நம் பெற்றோர் ரசித்த திரைப்பாடல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா அவர்கள் பேஸ் கிதாருக்கென்றே தனி ராகவழி எழுதினார்; அவருடைய குழுவில் சசிதரன் அதை வாசித்தார். ஏ. ஆர். ரஹ்மான் அவர்களுடைய பாடல்களில் நெடுங்காலம் கீத் பீட்டர்ஸ் வாசித்தார். அவர்கள் பெயரை அறியாமலே நாம் அவர்கள் விரலுக்குத் தலையாட்டியிருக்கிறோம்.

இனி, அந்தப் பெட்டி. சிந்த் பெடல் என்கிறார்கள். கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே தரையில் வைத்துக் காலால் இயக்குவது. கிதாரின் ஒலியைச் சிந்தசைசரின் ஒலி போல மாற்றித் தருவது. இதில் இரண்டு வகை உண்டு. இதை அறியாமல் வாங்கித்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

முதல் வகை, தந்தியின் ஒலியையே எடுத்து, சற்று முரடாக்கி, வடிகட்டி மாற்றுவது. நாம் ‘வாவ்’ என்று சொல்லும்போது வாய் திறந்து மூடுவதால் குரல் மாறுகிறதல்லவா, அதே வேலையை இந்த வடிகட்டி செய்கிறது. விரலால் அழுத்தி மீட்டினால் வாய் அகலத் திறக்கும். மெதுவாக மீட்டினால் சிறிதே திறக்கும். 1972-இல் வந்த மியூட்ரான் 3 என்ற பெட்டி இந்த வடிகட்டிக்குப் பெயர் பெற்றது. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் பேஸ் மைக்ரோ சிந்த்தும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இரண்டாம் வகை, நாம் வாசிப்பது எந்த ஸ்வரம் என்று முதலில் கண்டுபிடித்து, பிறகு அதற்கேற்பத் தானே ஓர் ஒலியைப் பிறப்பிப்பது. இங்கேதான் சிக்கல். பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அதாவது ஓர் அதிர்வு முடிய ஒரு நொடியின் ஆயிரத்தில் 24 பங்கு ஆகிறது. ஸ்வரம் இன்னதென்று அறியப் பெட்டிக்கு ஓர் அதிர்வாவது, பெரும்பாலும் அதற்கு மேலும், வேண்டும். ஆகவே கீழ் ஸ்வரங்களில் ஒலி ஒரு நூலிழை பின்தங்கி வரும். தடுமாறி வேறு ஸ்வரத்துக்கும் தாவும். விரல் தெளிவாக விழாமல் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ஒலித்தால் பெட்டி குழம்பிவிடும். 1980-களில் ரோலண்டு நிறுவனம் செய்த பேஸ் சிந்தசைசருக்கு அதற்கென்றே செய்த தனிக் கிதார் வேண்டியிருந்தது. இன்று பாஸ் நிறுவனத்தின் எஸ்.ஒய்-1 போன்றவை சாதாரணக் கிதாரிலேயே நன்கு இயங்குகின்றன என்பது உண்மை. ஆயினும் வாசிக்கத் தெரியாத கையைத் தெரிந்த கையாக்கும் பெட்டி இதுவரை வரவில்லை. அந்தத் தந்தையின் கேள்விக்கு இதுதான் விடை. தெளிவில்லாத விரலின் பிழையை இந்தப் பெட்டி மறைப்பதில்லை, உரக்கவே சொல்லிவிடுகிறது.

நம் அருட்சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “நம்மிடம்தான் கீபோர்டு இருக்கிறதே டீச்சர், அதன் இடப்பக்கத்தில் அழுத்தினால் அதே ஒலி வருமே?” என்றார். வரும். சிந்தசைசரின் ஒலி மட்டுமே வேண்டுமென்றால் ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம் என்பதே என் பதில். 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் சிந்தசைசரையும் கணினியையும் கொண்டு இசை அமைத்தார்கள்; கிதாரும் பெடலும் இல்லாமலே அவ்வொலி கிடைக்கும் என்பதற்கு அது சான்று. பெடலுக்கு ஒரே ஒரு நியாயம் உண்டு. தந்தியின் மேல் விரல் வழுக்கிச் செல்லும் கமகம், அழுத்தி மீட்டுவதற்கும் தடவி மீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு, இவை கட்டையை அழுத்தும் கையில் எளிதில் வரா. அந்த வேறுபாட்டை வாசிக்கத் தெரிந்த பிறகு பெடல் வாங்கலாம்.

அப்படியானால் முதலில் வாங்க வேண்டியவை எவை? இதில் என் கருத்து உறுதியானது. முதலில் கைக்கேற்ற கிதார். வழக்கமான பேஸ் கிதாரின் தந்தி நீளம் 34 அங்குலம். நம் சிறுமியர் பலருக்கு அதன் முதல் கட்டைக்குக் கை எட்டாது. 30 அங்குல நீளத்திலும் கிதார்கள் விற்கின்றன. இது தெரியாமல், ‘பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கருவி சரிப்படாது’ என்று எத்தனை பேர் முடிவு கட்டிவிட்டார்கள்! லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1960-களில் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் கேரல் கே என்ற பெண்மணி. நம் நாட்டில் மும்பையின் மோகினி டே, பேஸ் கிதார் கலைஞரான தம் தந்தையிடம் சிறு வயதிலேயே பழகி, பதின்வயதிலேயே ரஹ்மான் அவர்களுடன் மேடையேறினார். ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கிதாரு’ என்று கேட்கும் சில தந்தையருக்காக இவ்விரண்டு பெயர்களையும் எழுதி வைக்கிறேன்.

கிதாரின் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதைச் சொல்லும்போது ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் எல்லாரும் பெருமையோடு பேசினோம். அத்தொழில் செய்யும் ஒரு பெற்றோர் ஒருநாள் நம் பள்ளியின் பழைய பேஸ் கிதாரைக் கையிலெடுத்தார். அதற்குமுன் அவர் கிதாரைத் தொட்டதே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பலகையின் கோணலைப் பார்ப்பது போலக் கழுத்தின் நெடுக நோக்கி, “நடுவுல வளைஞ்சிருக்குங்க” என்றார். இரண்டாண்டுகளாகச் சுருதி சேராமல் நான் பட்ட பாட்டுக்குக் காரணம் அதுதான்! கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் திருகு திருகியதும் சரியாயிற்று. பெற்றோரிடம் கற்றுக்கொள்ளவும் ஆசிரியைக்கு நிறைய இருக்கிறது.

அடுத்தது ஒலிபெருக்கி. பேஸுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபையர் வேண்டும். சாதாரண கிதாருக்குரிய சிறு ஆம்ப்பில் கீழ் ஸ்வரங்களை உரக்க வாசித்தால் அதன் ஸ்பீக்கர் கிழியும். காலை வழிபாட்டுக்கு நாம் வைத்திருக்கும் நீள ஒலிபெருக்கிகள் பேச்சுக்கு உரியவை. அவற்றில் பேஸின் அடித்தளம் பாதிக்குமேல் காணாமற் போகும். கைப்பேசியில் பெடலின் ஒலியைக் கேட்டு வாங்குவதும் இதே காரணத்தால் வீண். நொடிக்கு 41 அதிர்வை அந்தச் சிறு ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. அந்தத் தந்தை கேட்டு மயங்கியது உண்மையில் பேஸின் மேற்பகுதியை மட்டுமே.

சுருதி பார்க்கும் டியூனர், நல்ல கேபிள், தோள் வலிக்காத அகல வார், மழைக்காலத்தில் துருப்பிடித்த தந்திகளை மாற்றப் புதிய தந்தி. இவை சிறு செலவுகள். ஆனால் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான் இளவயதில் ஒரு பாடகர் குழுவில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் பெடலைக் கேட்டு வாங்கி, கையில் கிடைத்த அடாப்டரைச் செருகினேன். ஒரு சிறு ‘டப்’. பிறகு கருகிய நாற்றம். பெடல்களில் 9 வோல்ட்டும் உண்டு, 18-ம் உண்டு, 24-ம் உண்டு. துளை ஒன்றாகவே இருந்தாலும் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியிருக்கலாம். அந்தப் பெடலுக்கு ஆறு மாதம் தவணை கட்டினேன். அடாப்டரைப் பெடலோடு சேர்த்து நூலால் கட்டிவைக்கும் என் பழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் மாணவியர் இப்போது காரணத்தை அறியலாம்.

இவையெல்லாம் அமைந்த பின், பெடலை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாசிக்கப் போகிறவளே தன் கிதாரை எடுத்துச் சென்று, தன் விரலால் வாசித்துப் பார்க்க வேண்டும். மிகத் தடித்த தந்தியை மெதுவாகவும் அழுத்தியும் மீட்ட வேண்டும். ஒலி தயங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். கிதாரின் இயற்கை ஒலியையும் பெடலின் ஒலியையும் வேண்டிய அளவில் கலக்கும் ‘பிளெண்ட்’ என்ற குமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத பெடலை நான் வாங்க மாட்டேன். ஏனெனில், சிந்த் ஒலி மட்டும் தனித்து வந்தால் பாட்டின் தரை பல நேரங்களில் மெலிந்துவிடும். ஒன்றுக்கு மேல் பெடல் இருந்தால், ஸ்வரத்தைக் கண்டுபிடிக்கும் பெட்டி கிதாருக்கு அடுத்து முதலில் இருக்க வேண்டும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரை வடிகட்டிக்கு முன்னே வைத்தால், வடிகட்டி திறந்து மூடவே மறுக்கும். நூறு வகை ஒலி உண்டு என்ற விளம்பரத்தில் எனக்கு ஆசையில்லை. நம் பாடல்களுக்கு மூன்று போதும்.

இப்போது நான் கேட்க விரும்புவதற்கு வருகிறேன். ஒரு நல்ல சிந்த் பெடலின் விலையில் தொடக்கநிலை பேஸ் கிதார் ஒன்றையே வாங்கிவிடலாம். அதை ஒரு வீட்டின் தலையில் சுமத்தலாமா? மகள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் பாட்டை நிறுத்திவிட்டால் அந்தப் பெட்டி பரணில் கிடக்கும். தோடு அடகுக் கடையில் கிடக்கும். பள்ளி வாங்கினால் ஆண்டுதோறும் ஒரு புதிய மாணவியின் காலடிக்கு அது வரும். நூலகப் புத்தகம் போலப் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப் போய், வாரத்தில் திருப்பித் தரலாம். முன்னாள் மாணவியர் சேர்ந்து பாடகர் குழுவுக்கென்று கொடுத்திருக்கும் தொகையில் புதிய சீருடை தைப்பதாகப் பேச்சு இருக்கிறது. மூன்றாண்டுச் சீருடை இன்னும் கிழியவில்லை என்பதை அருட்சகோதரிகள் பொறுத்தருளிக் கவனிக்க வேண்டுகிறேன். அந்தத் தொகைக்குப் பேஸ் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் 30 அங்குலக் கிதார் ஒன்றும் வாங்குவோம். மீதமிருந்தால் பெடல்.

கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகைக்கு ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி வந்த பெடலை அந்த மலைச் சிறுமியிடம் கொடுத்தேன். முதல் நாள் எல்லாக் குமிழ்களையும் முழுதாகத் திருப்பி அறையையே அதிர வைத்தாள். மூன்றாம் நாள் பிளெண்ட் குமிழைப் பாதிக்கும் கீழே கொண்டு வந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. கேட்டதற்கு, “பாட்டு கேக்கல மிஸ்” என்றாள்.

சென்னை அண்ணா சாலையில், மிஸ்குவித் என்ற பெயரில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் கருவிகளை வாசித்துப் பார்த்தே வாங்கலாம். பள்ளி வாங்குவதாக முடிவு செய்தால், பட்டியலோடு அலுவலகப் பணியாளரை மட்டும் அனுப்பாமல், விடுதிக் காப்பாளர் அனுமதியோடு அவளையும் அழைத்துச் செல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் பஸ் கட்டணத்தை நானே தருகிறேன்.