கோடு எண்ணுகிறவர்கள் கவனத்துக்கு

"35 மி.மீ. லென்ஸ்தான் ஷார்ப், மீடியம் ஃபார்மட் லென்ஸ் மொக்கை" என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. ஆதாரம்? ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை கோடு பிரிகிறதாம்! பாதி உண்மை. ஆனால் சுவரில் மாட்டுவது நெகட்டிவை அல்ல, பிரிண்ட்டை.

8×10 அங்குல பிரிண்ட்டுக்கு 24×36 மி.மீ. நெகட்டிவை எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். 6×6 செ.மீ. நெகட்டிவுக்கு நாலரை மடங்கு போதும். முன்னது 80 கோடு, பின்னது 50 என்றே வைத்துக்கொள்வோம். பிரிண்ட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மிஞ்சுவது 9, 11. இப்போது எது மொக்கை?

35-இல் வேகமான லென்ஸ் கிடைக்கும், கனமும் குறைவு. அதற்காக வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் இந்தப் பேச்சை நம்பி, தாத்தாவின் ரோலிகார்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி விலையுயர்ந்த லென்ஸ் வாங்குகிற பையனுக்கு யார் பதில் சொல்வது?

கோட்டை எண்ணும் முன் மடங்கைக் கேளுங்கள் சாமிகளா!